டிகாஷன் சக்கையும் காகிதக் கப்பும்: கேள்வி பதில்

கானாடுகாத்தானில் பதினோரு வருடமாகக் காபிக் கடை நடத்துகிறேன். இப்போது கடையிலிருந்து குப்பை வண்டிக்குப் போவது நாளுக்கு ஒரு சின்னப் பைதான். எப்படி என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

காரைக்குடி: ஆச்சி, தினமும் இரண்டு கிலோ டிகாஷன் சக்கை விழுகிறது. ரோஜாச் செடிக்கு அப்படியே போடலாமா?

போடாதீர்கள் தம்பி. ஈரச் சக்கையைத் தடிமனாகப் போட்டால் நம் ஊர் வெயிலுக்கு ஓடு மாதிரி இறுகிவிடும். ஊற்றின தண்ணீர் மேலேயே நிற்கும், வேருக்கு இறங்காது. முதல் வருடம் அப்படித்தான் ஒரு நல்ல மல்லிகைக் கொடியைச் சாகக் கொடுத்தேன். மக்க வைத்துப் போடுங்கள். சக்கையில் தழைச்சத்து இருக்கிறது, அதற்கு ஈடாகக் கரிச்சத்து வேண்டும். அது சருகில் கிடைக்கும். குவியலில் சக்கை ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். பின்கட்டில் வேம்பு உதிர்த்த சருகும் காய்ந்த வாழைமட்டையும் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. நாலு நாள் கழித்துக் குவியலுக்குள் கையை விட்டால் சூடு தெரிய வேண்டும். அழுகல் வாடை அடித்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், இன்னும் சருகு போடுங்கள். வாரம் ஒருமுறை கிளறிக்கொண்டே வந்தால் மூன்று மாதத்தில் கறுத்து, உதிரியாகி, மழை பெய்த மண் மாதிரி வாசம் வரும். பால் கலந்ததைச் சேர்க்காதீர்கள், எலி வரும்.

பள்ளத்தூர்: பேப்பர் கப் காகிதம்தானே, மக்கிவிடாதா?

காலிக் கப்பைத் தண்ணீரில் ஊறவைத்து உள்பக்கத்தை நகத்தால் சுரண்டுங்கள். மெல்லிய தோல் உரிந்து வரும். அதுதான் பாலித்தீன், அது மக்காது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பொருள்களில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பும் உண்டு. கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வில், 100 மில்லி சூடான நீர் பதினைந்து நிமிடம் அந்தக் கப்பில் நின்றதும் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலந்திருந்தன. காபியை ஆற அமரக் குடிக்கிறவர்கள் நாம். யோசித்துப் பாருங்கள்.

புதுவயல்: பால் பாக்கெட்டை என்ன செய்வது?

அலசி, காயவைத்து, பழைய பேப்பர் கடையில் போடுங்கள். ஒன்றே ஒன்று: மூலையை வெட்டும்போது முழுதாகத் துண்டிக்காதீர்கள். அந்தக் குட்டி முக்கோணத்தை யாரும் பொறுக்குவதில்லை. சாக்கடைக்குப் போகும், இல்லை மாட்டு வயிற்றுக்குப் போகும். பாக்கெட்டோடு ஒட்டியே இருக்கட்டும்.

கோட்டையூர்: மானாமதுரை மண் குவளையில் கொடுத்தால்?

அழகுதான். ஆனால் சுட்ட மண் திரும்பக் களிமண் ஆகாது. ஒருமுறை குடித்துவிட்டு உடைத்தால் மண்ணும் விறகும் போச்சு. கழுவித் திரும்பப் பயன்படுத்துவதாக இருந்தால் வாங்குங்கள்.

தேவகோட்டை: ஆச்சி, நம்முடையது வறண்ட பூமி. டம்ளர் கழுவுகிற தண்ணீரை நினைத்தால் பேப்பர் கப்பே மேல். அதோடு, ஒரே வாளியில் முக்கி எடுக்கிற கிளாஸில் குடிக்க எனக்குச் சம்மதமில்லை.

பள்ளத்தூர்: அந்தக் கப் செய்கிற ஆலைக்குத் தண்ணீர் வேண்டாமா அண்ணே? கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் கணக்கில் வராதா?

தேவகோட்டை: ஆலை எங்கேயோ இருக்கிறது. இங்கே என் கிணறுதானே வற்றுகிறது!

இரண்டு பேரும் பொறுங்கள். தேவகோட்டைக்காரர் சொல்கிற வாளி அசிங்கம் உண்மை, நானே அப்படிப்பட்ட கடையில் குடிக்க மாட்டேன். ஆனால் பழுது வாளியில் இருக்கிறது, டம்ளரில் இல்லை. நான் மூன்று தொட்டி வைத்திருக்கிறேன். முதல் தொட்டியில் ஏடும் நுரையும் போக ஒரு அலசல், இரண்டாவதில் சோப்பு, மூன்றாவதில் கொதிநீர். மூன்றாவது தொட்டித் தண்ணீர் ஆறினதும் அடுத்த ஈட்டுக்கு முதல் தொட்டிக்குப் போகும். முதல் தொட்டித் தண்ணீர் வாழைக்குப் போகும். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவின காலத்தில் ஆன தண்ணீரில் பாதி கூட இப்போது ஆவதில்லை. தேவகோட்டைக்காரரே, உங்கள் கிணற்றைக் காப்பாற்ற இதுதான் வழி. எவர்சில்வர் டம்ளர் என் கடையில் முதல் நாள் வாங்கினதே இன்னும் ஓடுகிறது.

கண்டனூர்: பேப்பர் கப்பை உரக்குழியில் போடலாமா?

பள்ளத்தூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

குன்றக்குடி: 'மக்கும் கப்' என்று அச்சடித்தே விற்கிறார்களே?

மக்காச்சோள மாவிலிருந்து செய்கிற அந்தப் பிளாஸ்டிக் மக்க, 60 டிகிரி அளவுக்குச் சூடு விடாமல் நிற்கிற பெரிய உரக்கூடம் வேண்டும். வீட்டுக் குழியில் அப்படியே கிடக்கும். கப்பைப் பற்றி இனிமேல் கேட்காதீர்கள் அப்பா, டம்ளர் வாங்குங்கள்.

காரைக்குடி: கடைக் கழிவுநீர்த் தொட்டி அடிக்கடி நிரம்புகிறது.

அது எனக்குத் தெரிந்த வேலையில்லை. மாநகராட்சிச் சுகாதார ஆய்வாளரைப் பாருங்கள். சக்கையை மட்டும் சாக்கடையில் ஊற்றாதீர்கள், குழாய் அடைக்கும். பால் பாக்கெட் மூலையும்தான்.

ஆத்தங்குடி: பார்சல் கேட்டால் பாலித்தீன் பையில் கட்டித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கொதிக்கிற காபியைப் பாலித்தீனில் ஊற்றி ரப்பர் பாண்ட் போடுவதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது. தூக்குவாளி கொண்டுவந்தால் இரண்டு ரூபாய் குறைவு என்று எழுதி மாட்டினேன். பழக்கம் வர ஆறு மாதம் இழுத்தது. மறந்து வருகிறவர்களுக்குக் கொடுக்கக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பித்தளைத் தூக்குகள் எட்டு வாங்கி வைத்தேன், ஐம்பது ரூபாய் முன்பணம். எட்டில் ஏழு இன்னும் கடைக்குத் திரும்பி வந்துகொண்டுதான் இருக்கின்றன.