வாங்கும் முன் கவிழ்த்துப் பாருங்கள்

கேள்வி: பேரனுக்கு ஆன்லைனில் பொம்மை டிப்பர் லாரி வாங்கினேன். படத்தில் ஒரு குழந்தை அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. வந்தது உள்ளங்கை அளவு. 'ரிட்டர்ன் கிடையாது' என்கிறார்கள். – கரூர் பாட்டி

உங்கள் மேல் தப்பே இல்லை அம்மா. விளம்பரத்தில் காட்டியபடி இல்லாத பொருளை விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. அந்தப் படத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், புகார் போனால் படம் மாறிவிடலாம். லாரிக்குப் பக்கத்தில் ஸ்கேலை வைத்து ஒரு போட்டோவும் எடுங்கள். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் போடுங்கள், தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: அரிய ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார் என்று வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர் சொல்ல, 3,500 ரூபாய் ஜீபே செய்தேன். ஆள் குழுவை விட்டே போய்விட்டார். பில் இல்லை. – கோவை வாசகர்

பில் இல்லை, முகவரி இல்லை, ஆளும் இல்லை. எனக்கு எழுதிய நேரத்தில் இணையப் பண மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் பேசியிருக்கலாம். இப்போதாவது பேசுங்கள்.

கேள்வி: திருவிழாக் கடையில் லைட் எரியும் பஸ் வாங்கினோம். இரண்டு வயது மகள் கையில் அதன் பேட்டரி கழன்று வந்துவிட்டது. இது சகஜம்தானா? – மதுரை தாய்

சகஜமாக்கிவிட்டார்கள். எனக்கு ஆறாத கோபமே இதில்தான். பஸ்ஸைக் கவிழ்த்துப் பாருங்கள். பின்சக்கரங்களுக்கு நடுவில் சின்ன மூடி இருக்கும். அது திருகாணி போட்டு மூடியிருக்க வேண்டும், நகத்தால் நெம்பினால் திறக்கவே கூடாது. ஒரு திருகாணி என்ன விலை! அதை மிச்சம் பிடித்துவிட்டு, பெட்டியில் '3 வயதுக்கு மேல்' என்று அச்சடித்தால் போதும் என்று நினைக்கிறார்கள். பஸ்ஸின் முகத்தில் வரைந்திருக்கும் கண்ணும் சிரிப்பும் யாருக்காம், கல்லூரி மாணவருக்கா?

பொத்தான் போலச் சின்ன வட்டமாக இருக்கும் 'பொத்தான் பேட்டரி' உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே சதையை அரிக்கத் தொடங்கிவிடும். குழந்தை விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கைவினைஞர்களின் மரபொம்மை போன்ற சிலவற்றுக்கே விலக்கு. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை, அந்த முத்திரையைத் தரும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் தட்டினால் தயாரித்தவர் பெயர் வரும். வராவிட்டால் முத்திரையும் பொம்மைதான்.

கேள்வி: மகனின் பேட்டரி ஜீப் ஓடவே இல்லை. பரீட்சைக்காக ஆறு மாதம் பரண்மேல் போட்டிருந்தோம். கடைக்காரர் மேல் வழக்குப் போடலாமா? – திருச்சி

ஆறு மாதம் சார்ஜ் போடாத லெட்-ஆசிட் பேட்டரி சாகத்தான் செய்யும். பரண்மேல் வேண்டுமானால் வழக்குப் போடுங்கள்.

கேள்வி: பழைய டிங்கி கார்கள், அதாவது அந்தக் காலத்து இங்கிலாந்து உலோகப் பொம்மை வண்டிகள், சேர்க்க ஆசை. அசல் என்று எப்படித் தெரிந்துகொள்வது? – புதுச்சேரி

என்னிடமா கேட்கிறீர்கள்? லிவர்பூலில் மெக்கானோ கம்பெனி செய்த டிங்கி லாரி என்று நம்பி, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 1,800 ரூபாய் கொடுத்தவன் நான். பெயின்ட் புதுமெருகு கலையாமல் பளபளத்தது, அதில்தான் விழுந்தேன். வீட்டுக்கு வந்து கவிழ்த்தால், அடித்தட்டைப் பிடித்திருக்க வேண்டிய ரிவெட்டைத் துளைத்து எடுத்துவிட்டு ஸ்குரூ போட்டிருந்தார்கள். பிரித்து, மறுபடி பெயின்ட் அடித்த வண்டி. விற்றவர் அடுத்த வாரம் அங்கே இல்லை.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது என்று யாராவது காட்டினால் இன்னும் கவனம். அந்தக் காலத்துத் துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்திருந்தால் உலோகமே உப்பி, விரிசல் விட்டு, பிஸ்கட் போல உதிரும். அப்படி வெடித்ததை ஒட்டவைக்க வழி கிடையாது. என் லாரிக்கு அந்த நோயும் உண்டு. போன மாதம் பின்சக்கரம் அச்சோடு கையில் வந்துவிட்டது.