ஜப்பான் வாட்ச்ல அப்படி என்ன கைவினை?

கேள்வி: ஜப்பான் வாட்ச்னா பேட்டரில ஓடுறதுதானே, அதுக்கு போய் கைவினை அது இதுன்னு எழுதுறீங்களே, கொஞ்சம் ஓவரா தெரியல?

பதில்: ரொம்ப இளக்காரமா சொல்லிட்டீங்க. 1969 டிசம்பர் 25 அன்னிக்கு சீகோ கம்பெனி டோக்கியோல குவார்ட்ஸ் ஆஸ்ட்ரானை (பேட்டரி கரண்ட்ல சீரா துடிக்குற குவார்ட்ஸ் படிகத்தை வச்சு நேரம் காட்டுற வாட்ச்) இறக்குனப்ப அதோட விலை 4,50,000 யென், அந்த காசுக்கு ஒரு சின்ன காரே வாங்கிடலாம், மாசத்துக்கு 5 செகண்ட்தான் முன்னபின்ன போகும். அப்புறம் குவார்ட்ஸ் விலை இறங்க இறங்க சுவிஸ்காரங்க சாவி கொடுக்குற வாட்ச் தொழிலே ஆட்டம் கண்டுச்சு. வேடிக்கை என்னன்னா, அதே சீகோல இருந்த யோஷிகாசு அகஹானேங்கற என்ஜினீயர் 1977லயே வேற கிறுக்கு பிடிச்சு அலைஞ்சார், வாட்ச் சுருள்வில்லுல ஓடணும், பேட்டரி கூடாது, ஆனா குவார்ட்ஸ் அளவுக்கு நேரம் காட்டணும்னு. வில்லு அவிழும்போது சுத்துற குட்டி சக்கரம் தனக்கு வேண்டிய கரண்டை தானே உண்டாக்கும், அந்த கரண்ட்ல குவார்ட்ஸ் உட்கார்ந்து கணக்கு பார்க்கும், சக்கரம் வேகம் எடுத்தா காந்தத்தால பிரேக் போட்டு பிடிச்சுக்கும். ஸ்பிரிங் டிரைவ்னு பேரு, கடைக்கு வர 1999 ஆயிடுச்சு. செகண்ட் முள்ளு குதிக்கவே குதிக்காது, வழுக்கிகிட்டே போகும், டைம் பார்க்கணும்னு திரும்புனவன் டைமை மறந்துட்டு முள்ளையே பார்த்துட்டு நிப்பான் (அனுபவம்தான்).

கைவேலையும் இருக்கு. சீகோவோட உசத்தி ரகமா வந்த கிராண்ட் சீகோ வாட்ச்சோட கேஸை, அதாவது வெளிக்கூட்டை, ஆளுங்க கையில பிடிச்சு சுத்துற தகட்டோட முகப்புல வச்சு தேய்ப்பாங்க, கண்ணாடி மாதிரி வரும், ஓரம் மட்டும் மழுங்காம கத்தி மாதிரி நிக்கும். இதுக்கு ஸாரட்சுன்னு பேரு, சல்லாஸ்ங்கற பாலிஷ் மெஷினோட பேர்தான் ஜப்பான்காரங்க வாயில அப்படி ஆயிடுச்சு.

கேள்வி: பழைய ஜப்பான் கடிகாரத்துல 1, 2, 3 மணியே கிடையாதாமே, நிஜமா?

பதில்: நிஜம். நடுப்பகலும் 9, நடுராத்திரியும் 9, அங்கிருந்து 8, 7, 6, 5, 4னு இறங்கும், திரும்ப 9. விடியலும் அந்தியும் 6. அதைவிட பெரிய கூத்து, நம்மூர்ல ராகுகாலம் கணக்கு பார்க்குற மாதிரி விடியல்ல இருந்து அந்தி வரைக்கும் ஆறு பங்கு, ராத்திரிக்கு தனியா ஆறு பங்கு, அதனால கோடைல பகல் மணி நீளம், குளிர்காலத்துல குட்டை. ஐரோப்பால இருந்து வந்த மெஷினோ ஒரே சீரா ஓடுற ஜாதி. மணிக்கணக்கை மாத்தாம மெஷினையே மாத்துனாங்க பாருங்க, அங்கதான் நான் விழுந்தேன். பகலுக்கு ஒண்ணு ராத்திரிக்கு ஒண்ணுன்னு மெஷின் வேகத்தை கட்டுப்படுத்துற ரெண்டு ஆடுதண்டு வச்சாங்க, அப்படியும் சீசன் மாற மாற எடையை நகர்த்தி வைக்கணும். தனாகா ஹிசாஷிகேங்கற கண்டுபிடிப்பாளர் 1851ல செஞ்ச ஆறு முக கடிகாரத்துல சீசனுக்கு தக்க மணிக்குறிகள் தானா தள்ளிப்போகும், டோக்கியோ உயேனோ சயின்ஸ் மியூசியத்துல இருக்கு. 1873ல ஜப்பான் அரசாங்கம் புது காலண்டருக்கும் ஒரே சீரான மணிக்கும் மாறுனதும் இந்த வேலை மொத்தமும் ஓரங்கட்டப்பட்டுச்சு, எனக்கு இன்னிக்கும் அதுல வருத்தம்தான்.

கேள்வி: ஜி-ஷாக் ஏன் இவ்வளவு குண்டு? அதெல்லாம் டிசைனா?

பதில்: குண்டா இருக்கறதுதான் டிசைனே. அப்பா வாங்கி கொடுத்த வாட்ச் கீழ விழுந்து உடைஞ்ச கடுப்புல கேசியோ என்ஜினீயர் கிகுவோ இபே ஆரம்பிச்சது அது. 10 மீட்டர்ல இருந்து விழணும், 10 பார் தண்ணி அழுத்தம் தாங்கணும், பேட்டரி 10 வருஷம் வரணும். மூணாவது மாடி பாத்ரூம் ஜன்னல்ல இருந்து தூக்கி போட்டு போட்டு பார்த்திருக்கார், சுமார் 200 மாதிரி காலி. கடைசில ஒரு பொண்ணு பந்து தட்டுறத பார்த்துதான், உள்ள இருக்குற மெஷினை மிதக்க விட்டா அடி சேராதுன்னு தோணிச்சாம். 1983ல வந்துச்சு. மெலிசா வேணும்னா வேற வாட்ச் பாருங்க.

கேள்வி: கோட்டு சூட்டுக்கு கேசியோவோட சாதா பிளாஸ்டிக் டிஜிட்டல் வாட்ச் எஃப்-91டபிள்யூ கட்டலாமா, சிரிப்பாங்களா?

பதில்: 1989ல வந்த மாடல், இன்னும் விக்குது. கட்டுங்க. சிரிச்சா டைம் கேளுங்க, முக்காவாசி பேர் போனைத்தான் எடுப்பாங்க.