மூன்றாம் நாள் வலி

பல் நலப் பகுதி: வாசகர் கேள்விகளுக்கு மயிலாப்பூரில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல் மருத்துவம் பார்த்துவரும் மருத்துவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 41. வீடு பெரம்பூரில், வேலை அடையாறில் ஒரு தையல் கடையில். போன வெள்ளிக்கிழமை இடப்பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார்கள். பிடுங்கும்போது வலியே தெரியவில்லை. சனி, ஞாயிறு லேசான வலிதான். திங்கட்கிழமை மதியம் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தபோது ஆரம்பித்தது. காதுக்குள் கம்பியை விட்டுக் குடைவது போல இருக்கிறது. இரவில் தூக்கமில்லை. 29சி பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் உயிர் போகிறது. வாயில் கெட்ட வாடை வேறு. மாமியார் சொன்னபடி கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைத்தேன். ஈறு வெந்து வெள்ளையாகிவிட்டது. பக்கத்து வீட்டில் மீந்திருந்த ஆன்டிபயாடிக் மாத்திரையும் இரண்டு போட்டேன், பயனில்லை. "இரண்டு பிள்ளை பெற்றவள், ஒரு பல்லுக்கு இப்படி அழலாமா?" என்கிறார் கணவர். மறுபடியும் போனால் டாக்டர் திட்டுவாரோ என்று தயக்கமாக இருக்கிறது. இது தானாக அடங்கிவிடுமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: அன்புச் சகோதரி, கடிதத்தில் உங்கள் தொலைபேசி எண் இருந்ததால் அது கைக்கு வந்த அன்றே உங்களோடு பேசிவிட்டேன். மறுநாள் காலையிலேயே போய்ப் பல் எடுத்த இடத்தைக் காட்டினீர்கள், மாலைக்குள் வலி பாதிக்கு மேல் குறைந்தது என்று நீங்கள் சொன்னபோது எனக்கு எவ்வளவு நிம்மதி! உங்கள் அனுமதியுடன் இந்தக் கடிதத்தை வெளியிடச் சொன்னது, இன்று இரவு இதே வலியோடு யாரோ ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்பதற்காகத்தான்.

முதலில் உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. ஐயா, உங்கள் மனைவி வலி பொறுக்காதவர் அல்லர். பல் எடுத்த வலி என்றால் நாளுக்கு நாள் குறைய வேண்டும். இரண்டு நாள் அடங்கியிருந்து, மூன்றாம் நாள் திரும்பி வந்து காது வரை தெறிக்கிறது என்றால் குழியில் ஏதோ சரியில்லை என்று பொருள். அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது காலில் முள்ளோடு நடக்கச் சொல்வது போல.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. 1989இல், கடைசி ஆண்டு மாணவியாக இருந்தபோது, வீட்டுக்கு அருகில் ஓரிடத்தில் என் கீழ் ஞானப்பல்லை எடுத்தார்கள். மூன்றாம் நாள் சைதாப்பேட்டையில் மின்சார ரயில் ஏறினேன். வண்டி ஒவ்வொரு நிலையத்திலும் நின்று கிளம்பும்போது தாடையில் யாரோ சுத்தியலால் தட்டுவது போல இருந்தது. எழும்பூர் வருவதற்குள் அழுதுவிட்டேன். அன்று என் பேராசிரியர் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, வெதுவெதுப்பான உப்புநீரைப் பீய்ச்சிக் குழியைக் கழுவி, மருந்து தோய்த்த சிறு துணி நாடாவை உள்ளே வைத்தார். பத்து நிமிட வேலை. திரும்பும் ரயிலில் நுங்கம்பாக்கம் தாண்டியபோதே தூங்கிப்போனேன். மாம்பலத்தில் பூக்காரம்மா ஒருவர் ஏறியபோதுதான் விழித்தேன். மூன்று நாளில் அன்றுதான் முதல் தூக்கம்.

பல் எடுத்ததும் அந்தக் குழியில் இரத்தம் உறைந்து கட்டியாக உட்கார்ந்துகொள்கிறது. அடியில் இருக்கும் எலும்புக்கும் நரம்பு நுனிகளுக்கும் அதுதான் மூடி. அதன்மேல்தான் புதுச் சதை வளரும். அந்த மூடி கரைந்தோ பெயர்ந்தோ போய்விட்டால் எலும்பு வெறுமையாக நிற்கும். காற்றும் தண்ணீரும் சோற்றுப் பருக்கையும் நேராக அதில் படும். இதைத்தான் நாங்கள் ‘டிரை சாக்கெட்’ என்கிறோம். பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் தொடங்கும். கீழ்த்தாடையில், அதிலும் ஞானப்பல் எடுத்த இடத்தில், இது அதிகம். அங்கே எலும்பு கெட்டி, இரத்த ஓட்டம் குறைவு. காது வலிப்பதற்குக் காரணம் காதில் இல்லை. கீழ்ப்பற்களுக்குப் போகும் நரம்பின் கிளையே காதருகிலும் நெற்றிப் பொட்டிலும் ஓடுகிறது.

சிகரெட், பீடி பிடிப்பவர்களுக்கும் கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் இது வரும் வாய்ப்பு கூடுதல். எல்லாம் ஒழுங்காகச் செய்தவர்களுக்கும் வருவதுண்டு. ஆகவே "நான் என்ன தப்பு செய்தேன்" என்று உங்களை வருத்திக்கொள்ள வேண்டாம். திரும்பி வரும் நோயாளியைத் திட்டும் டாக்டர் இருந்தால் தவறு அவருடையது. ஓரிரு நாளுக்கு ஒரு முறை மருந்தை மாற்றி வைத்தால் ஒரு வாரம், பத்து நாளில் குழி தேறிவிடும். ஒன்றுமே செய்யாமல் விட்டாலும் கடைசியில் ஆறத்தான் செய்யும். ஆனால் அத்தனை நாள் ஏன் துடிக்க வேண்டும்?

கிராம்பு விஷயத்தில் உங்கள் மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் வைக்கும் மருந்திலும் கிராம்பிலிருந்து வரும் யூஜினால் என்ற பொருள் பல சமயம் இருக்கிறது. அளவாக, குழிக்குள் மட்டும் வைக்கும்போது அது மருந்து. தைலத்தை அப்படியே ஊற்றினால் ஈறு வெந்துவிடும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து ஈறில் வைப்பவர்களுக்கும் இதே கதிதான். ஆன்டிபயாடிக் இந்த வலியைக் குறைக்காது. இது முதன்மையாகக் கிருமித் தொற்று அன்று. அடுத்தவர் வீட்டில் மீந்த மாத்திரையை இனி எதற்கும் தொடாதீர்கள்.

வலி மாத்திரையை வலி வந்த பிறகு தேடாமல், மரத்துப்போகும் ஊசியின் வேகம் இறங்குவதற்கு முன்பே சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்வது நல்லது. அந்த மரப்பு இரண்டு முதல் நான்கு மணி நேரம் இருக்கும். வேறு நோய் இல்லாத பெரியவர்களுக்கு ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராமும் பாரசிட்டமால் 500 மில்லிகிராமும் சேர்ந்து, ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, முதல் இரண்டு மூன்று நாள் போதும். தனித்தனியாகப் போடுவதைவிட இரண்டும் சேர்ந்து நன்றாக வேலை செய்யும். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஐபுப்ரோஃபென் போடக் கூடாது. கடையில் கொடுக்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் பாரசிட்டமால் ஏற்கெனவே இருக்கும். அட்டையைத் திருப்பிப் படியுங்கள். ஒரு நாளில் மொத்தம் 4 கிராமைத் தாண்டினால் ஈரல் கெடும்.

நம் ஊர்க்காரர்கள் அந்த இரத்தக்கட்டியைப் பெயர்த்துவிடுவது பெரும்பாலும் நல்லெண்ணத்தால்தான். பஞ்சை எடுத்ததும் எச்சிலைக் காறித் துப்புகிறார்கள். அன்று மாலையே உப்புநீரால் வேகமாகக் கொப்பளிக்கிறார்கள். வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று கிளினிக் வாசலிலேயே இளநீர் வாங்கி ஸ்ட்ராவில் உறிஞ்சுகிறார்கள். நானே ஓடிப்போய்த் தடுத்திருக்கிறேன்! உறிஞ்சும் இழுப்பில் கட்டி பெயரலாம். இளநீர் நல்லதுதான்; டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். முதல் நாள் எச்சிலை விழுங்குங்கள். கொப்பளிப்பது மறுநாளிலிருந்துதான்: ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, வாயில் வைத்து மெல்லச் சாய்த்து, தானாக வழிய விடுங்கள். கன்னத்தில் துணியில் சுற்றிய ஐஸ் முதல் நாள் மட்டும், விட்டு விட்டு. குழைந்த தயிர் சாதம், ஆறிய ராகிக் கூழ், மசித்த இட்லி போதும். காபியை ஆற விடுங்கள். சிகரெட் கூடவே கூடாது.

ஒன்றைமட்டும் தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சலோடு வீக்கம் தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் இறங்கினால், எச்சிலை விழுங்க முடியாவிட்டால், மூச்சு திணறினால், பல் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். 108ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள், நள்ளிரவானாலும்.

செலவுக்குப் பயந்து வீட்டிலேயே இருப்பவர்களுக்கு: கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகில், 1953இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காலையில் போய்ப் புறநோயாளிச் சீட்டு வாங்குங்கள்.

கேள்வி: மேல்பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்று பாட்டி தடுக்கிறார். உண்மையா?
– கல்லூரி மாணவி, குரோம்பேட்டை

பதில்: இல்லை அம்மா. பார்வை நரம்பு வேறு, பல்லின் நரம்பு வேறு. மேல்பல் வலி கண்ணுக்குக் கீழே பரவுவதால் இந்த நம்பிக்கை வந்திருக்கலாம். எடுக்க வேண்டிய பல்லை விட்டுவைத்தால்தான் சீழ் கன்னம் ஏறிக் கண் அருகே வீங்கும். பாட்டியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். டாக்டர் நேரில் சொன்னால் அவர் மனம் ஆறும்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். பல் எடுப்பதற்காக ஐந்து நாள் நிறுத்தட்டுமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: தயவுசெய்து நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். ஈறில் கசியும் இரத்தத்தைப் பஞ்சாலும் தையலாலும் நிறுத்திவிடலாம். ஸ்டென்டில் அடைப்பு வந்தால் உயிருக்கே ஆபத்து. ஒற்றை ஆஸ்பிரினோடு பல் எடுப்பது எங்களுக்கு வழக்கமான வேலைதான். வேறு மாத்திரையும் சேர்ந்திருந்தால் இதய மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும். காலை நேரத்தில் போங்கள். கசிவு இருந்தால் பகலிலேயே திரும்பிக் காட்டலாம். வீட்டுக்கு வந்த பிறகு கசிந்தால் சுத்தமான துணியை மடித்துக் குழிமேல் வைத்து, அரை மணி நேரம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திக் கடிக்கச் சொல்லுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் உடனே கிளம்புங்கள். போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்ல மறவாதீர்கள்.