போதகர் தேர்வுக் குழுவை மூப்பர்களே நியமிக்கலாமா?

நியமிக்க முடியாது பிரதர். போதகர் ஓய்வுபெற்றதும் செஷன் (சபையை நிர்வகிக்கும் மூப்பர் குழு) மூப்பர்களே கூடிக் குழு போட்டார்கள், பிரஸ்பிட்டரி (வட்டாரச் சபைகளுக்கு மேலான ஆளுகைக் குழு) நிறுத்திவிட்டது என்கிறீர்கள். பி.சி.யு.எஸ்.ஏ. என்னும் அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் திருச்சபையின் ஒழுங்கு நூல்படி அந்தக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டியது சபையார். செஷன் செய்ய வேண்டியது, சபைக் கூட்டத்துக்கு அறிவிப்புக் கொடுத்துக் கூட்டுவது மட்டும்தான்.

எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. இப்போது இருக்கும் இடைக்காலப் போதகரையே வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு ஓடுகிறதா? தற்காலிகமாக வந்தவர் பொதுவாக அடுத்த போதகராக முடியாது. விதிவிலக்கு வேண்டுமானால் பிரஸ்பிட்டரியில் வாக்களிப்போரில் நாலில் மூன்று பங்கு ஆதரவு தேவை. நல்ல மனுஷர், பிரசங்கம் பிரமாதம் என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

செஷன் குறிப்பேட்டை எடுத்து, அந்தக் கூட்டத்துக்குத் தலைமை வகித்தது யார் என்று பாருங்கள். போதகர் இல்லாத காலத்தில் தலைவரை நியமிப்பது பிரஸ்பிட்டரி. மூத்த மூப்பர் ஒருவர் தாமாகவே நடத்தியிருந்தால் சிக்கல் இரட்டிப்பு. முதலில் அந்தத் தலைவர் யார் என்று பிரஸ்பிட்டரி அலுவலகத்தில் கேட்டு, அவரை வைத்தே மறுபடி தொடங்குங்கள்.

உங்கள் சபை பி.சி.ஏ. என்னும் இன்னொரு அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் திருச்சபையைச் சேர்ந்ததென்றால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்களுடைய ஒழுங்கு நூல் வேறு.