தலைநகரம் மனப்பாடம் வேண்டாம்: முதலாண்டு உலகப் புவியியல் கேள்வி-பதில்

கல்லூரியில் சேர்ந்து முதல் செமஸ்டரில் உலகப் புவியியல் படிக்கிறவர்களின் கேள்விகள் இந்த முறை அதிகம். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

பிளஸ் டூவில் காமர்ஸ் படித்தேன். இப்போது உலகப் புவியியல் ஒரு தாள். 190-க்கும் மேற்பட்ட நாடுகளையும் தலைநகரங்களையும் மனப்பாடம் செய்தால்தான் பாஸாக முடியுமா?

தேவையில்லை. தலைநகரப் பட்டியல் வினாடி வினாவுக்கு ஆகும். அதுவும் நிலையாக இருப்பதில்லை: கஜகஸ்தான் தலைநகர் அஸ்தானா 2019-ல் நூர்-சுல்தான் ஆனது, 2022-ல் மறுபடி அஸ்தானாவே ஆகிவிட்டது.

மனத்தில் நிற்க வேண்டியது, எது எதற்குப் பக்கத்தில், எந்த வழியாகக் கடலுக்குப் போகிறது என்பது. மலாக்கா, ஹோர்முஸ், பாப் எல் மண்டெப், ஜிப்ரால்டர், பாஸ்பரஸ் ஆகிய ஜலசந்திகளையும் சூயஸ், பனாமா கால்வாய்களையும் வெற்று வரைபடத்தில் குறித்துப் பழகுங்கள். அப்புறம் கடலே இல்லாத நாடுகள். 1993-ல் எரித்திரியா பிரிந்ததும் எத்தியோப்பியாவுக்குக் கடற்கரை போய்விட்டது. அதன் சரக்கில் பெரும்பகுதி இன்று ஜிபூட்டி துறைமுகம் வழியாகத்தான் போய்வருகிறது. பொலிவியா 1879-ல் தொடங்கிய போரில் சிலியிடம் கடற்கரையை இழந்தது. ஆனாலும் கடற்படை உண்டு, டிட்டிகாகா ஏரியில் இன்றும் வைத்திருக்கிறார்கள்! இப்படிக் காரணத்தோடு படித்த நாடு லேசில் மறக்காது.

சுவர் வரைபடத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்கு இருக்கிறது. புத்தகத்தில் உள்ள பரப்பளவு வேறு மாதிரி இருக்கிறதே?

புத்தகத்தை நம்புங்கள். ஆப்பிரிக்கா சுமார் 3 கோடி சதுர கிலோமீட்டர், கிரீன்லாந்து சுமார் 21.7 லட்சம். கிட்டத்தட்ட 14 மடங்கு. உங்கள் வகுப்பில் தொங்குவது மெர்கேட்டர் படமாக இருக்கும். 1569-ல் மாலுமிகளுக்காக வரைந்தது அது. ஒரே திசைகாட்டிக் கோணத்தில் போகும் பாதை அதில் நேர்கோடாக விழும். கப்பல்காரர்களுக்கு அது போதும். அதற்கு விலையாகத் துருவப் பக்கம் போகப் போக நிலம் ஊதிப் பெருக்கிறது. பரப்பை ஒப்பிடும் கேள்விக்கு மால்வீட் போன்ற சமபரப்புப் படத்தைப் பாருங்கள். அதில் உருவம் கொஞ்சம் கோணலாகும். உருண்டையைத் தட்டையாக்கினால் ஏதாவது ஒன்று கெடத்தான் செய்யும்.

கோப்பன் காலநிலை வகைப்பாடு தலையில் ஏறவே இல்லை. எழுத்துகள் எல்லாம் ஒன்றோடொன்று குழம்புகின்றன. இன்டர்னல் தேர்வு அடுத்த வாரம்.

பலர் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். அட்டவணையாகப் படிப்பதால் வரும் சங்கடம் என்பேன். கோப்பன் ஒவ்வொரு காலநிலைக்கும் ஓர் எழுத்துக் குறியீடு கொடுத்தார். முதல் எழுத்து ஐந்தில் நான்கு, ஏ, சி, டி, இ, வெப்பத்தைப் பற்றியவை. பி மட்டும் வறட்சி. மிகக் குளிர்ந்த மாதத்திலும் சராசரி 18 டிகிரிக்குக் குறையாவிட்டால் ஏ. மிக வெப்பமான மாதத்திலும் 10 டிகிரியைத் தொடாவிட்டால் இ. நடுவில் இருப்பவற்றில் குளிர்காலம் மிதமானால் சி, கடுமையானால் டி. சென்னை ஏ, ஊட்டி சி. ஒரே மாநிலத்துக்குள் உயரம் செய்த வேலை.

ஏ, சி, டி-யில் இரண்டாவது எழுத்து மழை எப்போது பெய்கிறது என்பது. எஸ் என்றால் கோடையில் வறட்சி, டபிள்யூ என்றால் குளிர்காலத்தில் வறட்சி, எஃப் என்றால் வறண்ட பருவமே இல்லை. அவ்வளவுதான்.

இனி அட்லஸை எடுத்து 'சிஎஸ்' என்ற மத்திய தரைக்கடல் வகை எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுங்கள். ரோம், சான் பிரான்சிஸ்கோ, சிலியின் சாண்டியாகோ, கேப் டவுன், ஆஸ்திரேலியாவின் பெர்த். நான்கு வெவ்வேறு கண்டங்கள் என்று நினைத்தால் எண்ணிப் பாருங்கள், ஐந்து. எல்லாமே ஏறக்குறைய 30-லிருந்து 45 டிகிரி அட்சத்துக்குள், நிலப்பரப்பின் மேற்குப் பக்கமாக இருப்பவை. கோடையில் துணை வெப்பமண்டல உயர் அழுத்தப் பட்டை துருவப் பக்கம் நகர்ந்து இவற்றின் மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. காற்று மேலிருந்து கீழே இறங்குவதால் மேகம் சேராது. குளிர்காலத்தில் பட்டை விலகிப் போக, மேலைக்காற்றுகள் கடலிலிருந்து மழையைக் கொண்டுவருகின்றன. மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு மேற்குக் கரைதானே முதலில் கிடைக்கும்? ஐந்து இடங்களையும் சுற்றித் திராட்சைத் தோட்டங்கள் இருப்பதும் இதனால்தான். இந்த ஒரு காரணத்தை எழுதினாலே ஐந்து மதிப்பெண் கேள்விக்கு விடை வந்துவிடும்.

அதே பாணியில் சிலியின் வடக்கே உள்ள அடகாமா பாலைவனத்தை நீங்களே விளக்கிப் பாருங்கள். ஆண்டீஸ் மலை, பெரு நாட்டுக் கரையோரம் ஓடும் குளிர் நீரோட்டம், உயர் அழுத்தம் மூன்றும் வர வேண்டும். மலை மழையைத் தடுக்கும் 'மழை மறைவு' என்று மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள்.

தீர்க்கக்கோடு வைத்து நேரம் கணக்கிடும் கேள்வி கட்டாயம் வருகிறதாம். கணக்கு எனக்கு வராது.

கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். இந்திய நேரம் கிழக்கு 82½ டிகிரி, நியூயார்க் நேரம் மேற்கு 75 டிகிரி. ஒன்று கிழக்கு, ஒன்று மேற்கு என்பதால் கூட்டுங்கள்: 157½. நான்கால் பெருக்கினால் 630 நிமிடம், அதாவது பத்தரை மணி நேரம். இரண்டும் ஒரே பக்கமென்றால் கழிக்க வேண்டும். பிழை நடப்பது பெரும்பாலும் இங்கேதான். அங்கே உறவினர் இருப்பவர்கள் 'ஒன்பதரைதானே' என்பார்கள். மார்ச் முதல் நவம்பர் வரை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதால் வரும் வித்தியாசம் அது. கேள்வியில் சொல்லாதவரை தேர்வில் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

பெருங்கடல்கள் நான்கா ஐந்தா?

தென் பெருங்கடலைச் சேர்த்து ஐந்து என்று எழுதுங்கள்.

பிராக்டிகலில் டோப்போஷீட் (நிலத்தின் மேடு பள்ளம், ஆறு, ஊர் காட்டும் விரிவான வரைபடத் தாள்) கொடுத்தார்கள். அதில் ஆறு கறுப்புக் கோடாக இருக்கிறது. அச்சுப் பிழையா?

இல்லை. இந்திய நில அளவைத் துறையின் தாள்களில் ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடும் ஆறு நீலம். மழைக்காலத்தில் மட்டும் ஓடுவது கறுப்பு. பழுப்புக் கோடுகள் சமஉயரக் கோடுகள். அவை 'வி' போல வளைந்து, கூர்முனை உயரம் கூடும் பக்கம் இருந்தால் பள்ளத்தாக்கு; குறையும் பக்கம் இருந்தால் மலைச்சரிவின் நீட்சி. வைவாவில் இதைக் கேட்காத ஆசிரியர் குறைவு. 1:50,000 தாளில் ஒரு செ.மீ. என்பது 500 மீட்டர். சொந்த ஊர்த் தாளை அத்துறையின் இணையதளத்தில் தேடி எடுங்கள். தெரிந்த குளத்தையும் கோயிலையும் படத்தில் அடையாளம் கண்டுவிட்டால் தெரியாத ஊரைப் படிப்பது சுலபமாகிவிடும். நாட்டை முக்கோணம் முக்கோணமாக அளந்த இந்தியாவின் பெரும் முக்கோண அளவீட்டுக்கான அடிக்கோட்டை ஆங்கிலேய அளவையாளர் லாம்டன் 1802-ல் அளந்தது நம் பரங்கிமலைப் பக்கம்தான். ரெகார்டு நோட்டில் ஒரு வரி சேர்த்தால் நன்றாக இருக்கும்.

எந்தப் புத்தகம் வாங்கலாம்?

முதலில் தமிழ்நாடு அரசின் 11, 12-ஆம் வகுப்புப் புவியியல் பாடநூல்கள். தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டும் இணையத்தில் இலவசம். காசு செலவழிப்பதென்றால் கைடுக்குக் கொடுக்காமல் நல்ல அட்லஸுக்குக் கொடுங்கள். பழைய பதிப்பு பாதி விலையில் கிடைத்தால் ஒன்று பாருங்கள்: 2011-ல் பிறந்த தெற்கு சூடான் அதில் இருக்க வேண்டும்.

இந்தப் பாடம் யுபிஎஸ்சி-க்கு உதவுமா? வேலை ஏதாவது கிடைக்குமா?

முதல்நிலைத் தேர்வின் பொது அறிவுத் தாளிலும் முதன்மைத் தேர்வின் முதல் பொது அறிவுத் தாளிலும் உலகப் புவியியல் உண்டு. விருப்பப் பாடமாகவும் எடுக்கலாம். ஆனால் ஒரு செமஸ்டர் பாடம் அடித்தளம்தான், இந்தியப் பகுதியைத் தனியாகப் படித்தாக வேண்டும். வேலை என்று பார்த்தால் வரைபடத்தைக் கணினியில் கையாளும் ஜிஐஎஸ் தெரிந்தவர்களுக்கு வழி அதிகம். பின்னால் அது விருப்பத் தாளாக வந்தால் விடாதீர்கள். கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். சாதாரண லேப்டாப்பில் இப்போதே போட்டு, உங்கள் மாவட்டத்தின் தாலுகா எல்லைகளை வரைந்து பார்க்கலாம்.