எல்லாரும் மெக்சிகன் இல்ல, தம்பி

தம்பி, ஹூஸ்டன் வந்து மூணு மாசம்தான் ஆகுது, வாடகை குறைவுன்னு கல்ஃப்டன்ல அபார்ட்மெண்ட் எடுத்திருக்கேன்னு எழுதியிருந்தீங்க. ஆபீஸ் மேனேஜர் மெக்சிகன், பெரிய வீடு, பையன் காலேஜ்ல படிக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் எல் சல்வடோர், இருபது வருஷத்துக்கு மேல கட்டட வேலை, இன்னமும் அதே ரெண்டு ரூம் வீடு. பெட்ரோல் பங்க் வாசல்ல காலையில கூலி வேலைக்கு நிக்கிறவங்க ஹோண்டுராஸ். எல்லாரும் பேசறது ஸ்பானிஷ், அப்புறம் ஏன் இந்த ஏத்தத்தாழ்வுன்னு கேக்கறீங்க. "மெக்சிகோக்காரன் உழைப்பான், மத்தவன் சோம்பேறி"ன்னு உங்க சித்தப்பா சொன்னது நிஜமான்னும் கேட்டிருக்கீங்க.

நிஜமில்ல. சித்தப்பாவை நான் குறை சொல்லல. நானும் 1999-ல அந்தக் கல்ஃப்டன்லதான் வந்து இறங்கினேன், நாலு வருஷம் இருந்தேன். ஸ்பானிஷ் பேசற எல்லாரும் எனக்கு "மெக்சிகன்"தான். ஒரு கிறிஸ்துமஸுக்கு எதிர்வீட்டு அம்மா சுடச்சுட தமால், நம்ம கொழுக்கட்டை மாதிரி சோளமாவுல செய்யறது, கொண்டுவந்து குடுத்தாங்க. வாழை இலையில கட்டியிருந்தது. எனக்கு ஊர் ஞாபகம் வந்துடுச்சு. "மெக்சிகோவுல வாழை இலை இருக்கா?"ன்னு கேட்டேன். அந்தம்மா முகம் சுருங்கிப்போச்சு. தெற்கு மெக்சிகோவை விட்டுட்டா அங்க பெரும்பாலும் சோள மடல்லதான் கட்டுவாங்க, வாழை இலை எங்க ஊர்ப் பழக்கம், நான் சல்வடோர்க்காரின்னு அந்தம்மா அன்னிக்கு நடத்தின பாடம் எனக்கு இன்னும் மறக்கல. டொராண்டோவுல ஒரு யாழ்ப்பாணத்துக்காரரைப் பார்த்து "நீங்க இந்தியாவுல எந்த ஊரு?"ன்னு கேட்டா அவருக்கு எப்படி இருக்கும்? அதேதான் இது.

இனி விஷயத்துக்கு வர்றேன். உங்க மேனேஜரையும் பக்கத்து வீட்டுக்காரரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கறதே தப்பு. அமெரிக்காவுல மெக்சிகோ வம்சாவளின்னு சொல்லிக்கிறவங்க 3.7 கோடிப் பேருக்கு மேல. அதுல சுமார் 30 சதவீதம் பேர்தான் வெளிநாட்டுல பிறந்து இங்க வந்தவங்க, மத்தவங்க எல்லாம் இங்கேயே பிறந்தவங்க. டெக்சாஸே 1836 வரைக்கும் மெக்சிகோதானே. ஹூஸ்டன் கிழக்குப் பக்கம் செகண்ட் வார்டு, மக்னோலியா பார்க்னு இருக்கு பாருங்க, 1910-ல தொடங்கின மெக்சிகோ புரட்சிக்குத் தப்பி வந்தவங்க ரயில்வேயிலயும், 1914-ல திறந்த கப்பல் கால்வாய்லயும் வேலை பார்த்து உருவாக்கின பேட்டை அது. அந்த மாதிரி ஒரு குடும்பத்துல நாலாவது தலைமுறை ஆளா இருக்கலாம் உங்க மேனேஜர். உங்க பக்கத்து வீட்டுக்காரர் முதல் தலைமுறை. சல்வடோர், குவாத்தமாலா, ஹோண்டுராஸ் வம்சாவளியில பாதிக்கு மேல இன்னமும் வெளிநாட்டுல பிறந்தவங்கதான். கொள்ளுத்தாத்தா போட்ட அஸ்திவாரத்தையும் இப்பத்தான் மண் தோண்டறவரையும் ஒரே அளவுகோலால அளந்தா வேற என்ன வரும்?

மெக்சிகோலேருந்து நேத்து வந்தவங்களும் ஒரே மாதிரி இல்ல. வடக்கே தி வுட்லண்ட்ஸ் போனீங்கன்னா மாண்டெர்ரே நகரத்துத் தொழிலதிபர் குடும்பங்கள் ரொக்கம் குடுத்து வீடு வாங்கிக் குடியேறியிருக்கறதைப் பார்க்கலாம். 1994-ல வந்த நாஃப்டாங்கற அமெரிக்கா-மெக்சிகோ-கனடா வர்த்தக ஒப்பந்தத்தால எஞ்சினியர், அக்கவுண்டண்ட் மாதிரிப் படிச்சவங்களுக்கு டி.என். விசான்னு ஒண்ணு இருக்கு. நம்ம ஹெச்1பி மாதிரி குலுக்கல் கிடையாது. அது மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் மட்டும்தான். சல்வடோர் எஞ்சினியருக்கு அந்தக் கதவு இல்ல.

ஆனா கூலி வேலைக்கு வந்தவங்களுக்குள்ளயே வித்தியாசம் எங்கேருந்து வருதுங்கறதுதான் உங்க கேள்வியோட உயிர். அதுக்கு 1986-க்குப் போகணும். ஜனாதிபதி ரீகன் கையெழுத்துப் போட்ட அந்தச் சட்டத்தை இங்க எல்லாரும் "அம்னிஸ்தியா", அதாவது பொதுமன்னிப்புன்னுதான் சொல்வாங்க. 1982 ஜனவரி 1-க்கு முன்னாடி வந்து இங்கேயே இருந்தவங்களுக்கும், கொஞ்சநாள் பண்ணை வேலை பார்த்தவங்களுக்கும் சட்டப்படி தங்கறதுக்குக் காகிதம் குடுத்தாங்க. சுமார் 27 லட்சம் பேருக்குக் கிடைச்சது. நாலுல மூணு பேர் மெக்சிகோக்காரங்க. ஏன் அப்படி? 1942-லேருந்து 1964 வரைக்கும் அமெரிக்க அரசே பிரசேரோ திட்டம்னு ஒப்பந்தம் போட்டு மெக்சிகோக்காரங்களைப் பண்ணைக்கு வரவழைச்சது. திட்டம் நின்னாலும் பழகின கால் நிக்கல. அதனால 1982 வரும்போது அவங்க ஏற்கெனவே இங்க இருந்தாங்க.

சல்வடோர்க்காரங்க அப்பத்தான் கிளம்பிக்கிட்டு இருந்தாங்க. அங்க உள்நாட்டுப் போர் 1980-லேருந்து 1992 வரைக்கும், 75,000 பேருக்கு மேல செத்தாங்க. குவாத்தமாலாவுல 36 வருஷப் போர் 1996-லதான் முடிஞ்சது. செத்தவங்களும் காணாமப்போனவங்களும் 2 லட்சம், அதுல பெரும்பாலோர் மாயா மக்கள். ஓடி வந்தவங்க அகதி அந்தஸ்து கேட்டா, 80-கள்ல நூத்துக்கு மூணு பேருக்குக்கூடக் கிடைக்கல. காரணம் சுலபம்: அந்த அரசாங்கங்களுக்குப் பணமும் ஆயுதமும் குடுத்தது வாஷிங்டன். ஆமா, அங்க கொலை நடக்குதுன்னு ஒத்துக்கிட்டா தன் மேலயே பழி வரும். அதே நேரத்துல நிகராகுவாவுல இருந்தது அமெரிக்காவுக்கு ஆகாத இடதுசாரி அரசு. அதனால 1997-ல நாகாரா சட்டம் வந்தப்ப நிகராகுவாக்காரங்களுக்கு நேரா கிரீன் கார்டு. சல்வடோர், குவாத்தமாலாக்காரங்க மட்டும் ஒவ்வொருத்தரா வந்து, திருப்பி அனுப்பினா என்ன கஷ்டம்னு விளக்கணும்னு வெச்சாங்க. பக்கத்துப் பக்கத்து நாடு, அதே காலத்துப் போர், ஆனா வரிசை வேற.

அப்புறம் வந்ததுதான் டி.பி.எஸ்., சொந்த நாட்டு நிலைமை சரியாகற வரைக்கும் திருப்பி அனுப்பாம இங்க இருந்து வேலை பார்க்க விடற தற்காலிகப் பாதுகாப்பு. 1998 கடைசியில மிட்ச் புயல் அடிச்சதுக்கு அப்புறம் ஹோண்டுராஸுக்கும் நிகராகுவாவுக்கும், 2001-ல ரெண்டு நிலநடுக்கம் வந்ததுக்கு அப்புறம் எல் சல்வடோருக்கும் குடுத்தாங்க. பேருதான் தற்காலிகம், இருபது வருஷத்தையும் தாண்டி ஓடிச்சு. பெரும்பாலும் 18 மாசத்துக்கு ஒரு தடவை ஃபீஸ் கட்டி, கைரேகை குடுத்து, புதுப்பிக்கணும். எந்தத் தேதி வரைக்கும் இங்க இருக்கலாம்னு சொல்ற ஐ-94 காகிதத்தோட டிரைவிங் லைசன்ஸும் காலாவதியாகும்னு இப்பத்தானே தெரிஞ்சுக்கிட்டிருப்பீங்க? அந்தப் படபடப்பை இருபது வருஷத்துக்கு நீட்டிப் பாருங்க. உங்க பக்கத்து வீட்டுக்காரர் ஏன் இன்னும் வாடகை வீடுன்னு கேட்டீங்களே. அவர்கிட்ட இருக்கறது டி.பி.எஸ்.ஸா இருந்தா, 18 மாசக் காகிதத்தைக் கையில வெச்சுக்கிட்டு 30 வருஷக் கடன் வாங்க நானும்தான் யோசிப்பேன். ஹோண்டுராஸ், நிகராகுவாவுக்கு அதை முடிக்கறோம்னு 2025 ஜூலையில அறிவிச்சு, விஷயம் கோர்ட்டுக்குப் போச்சு. பயம் வீண் இல்லன்னு தெரியுதில்ல?

இன்னொண்ணையும் கவனிங்க. ஹோண்டுராஸ்காரர் 1998 டிசம்பர் 30-க்கு அப்புறம் வந்திருந்தா அவருக்கு டி.பி.எஸ். கிடையாது. குவாத்தமாலாவுக்கு அதை எப்பவுமே குடுக்கல. மெக்சிகோவுக்கும் குடுக்கல! அதனால 2005-ல காகிதம் இல்லாம வந்த மெக்சிகோக்காரரை விட, 2000-ல வந்த சல்வடோர்க்காரர் நல்ல நிலைமையில இருப்பார். உங்க சித்தப்பா கணக்கு இங்க தலைகீழாகுது. வறுமைக் கணக்கும் அப்படித்தான்: சல்வடோர் வம்சாவளி ஏறக்குறைய மெக்சிகோ வம்சாவளி அளவுலதான் இருக்கு, குவாத்தமாலாவும் ஹோண்டுராஸும்தான் அதிகக் கஷ்டம். சல்வடோர்க்காரங்கள்ல நிறையப் பேர் வாஷிங்டன் சுத்துவட்டாரத்துல, கட்டட வேலைக்கு நல்ல கூலி கிடைக்கற இடத்துல இருக்காங்க. மெக்சிகோக்காரங்கள்ல கலிஃபோர்னியா பண்ணைகள்ல வெயில்ல காயறவங்க ஏராளம்.

இதெல்லாம் ஒரே கூரை மேல நான் பார்த்திருக்கேன். 2008 செப்டம்பர்ல ஐக் புயல் எங்க வீட்டுக் கூரையைப் பிச்சு எறிஞ்சது. இன்சூரன்ஸ் பணம் வந்ததும் ஒரு காண்டிராக்டரைப் பிடிச்சேன். மெக்சிகோ வம்சாவளி, மூணாவது தலைமுறை. ஸ்பானிஷை விட இங்கிலீஷ் சரளம். கம்பெனி அவர் பேருல, இன்சூரன்ஸ் அவர் பேருல, செக் அவர் பேருக்கு. மேஸ்திரி சல்வடோர், டி.பி.எஸ். ஆளு, லைசன்ஸ் இருக்கறதால டிரக் ஓட்டறது அவர். மேலே ஏறி ஷிங்கிள்ங்கற கூரை ஓடு அடிச்ச நாலு பேர்ல மூணு பேர் ஹோண்டுராஸ், ஒரு பையன் குவாத்தமாலா. அந்தப் பையன் அதிகம் பேசவே இல்ல. கூச்சம்னு நினைச்சேன். அவனுக்கு ஸ்பானிஷே ரெண்டாவது மொழி, வீட்டுல பேசறது கிச்சேங்கற மாயா மொழின்னு மேஸ்திரி சொன்னார். ரெண்டாம் நாள் சாயங்காலம் இன்னொண்ணும் சொன்னார்: இதுக்கு முன்னாடி வேற ஒரு காண்டிராக்டர்கிட்ட இந்தப் பசங்க ஒரு வாரம் வேலை பார்த்தாங்க, ஒரு டாலர் கைக்கு வரல. புகார் பண்ணலாமேன்னு கேட்டேன். அவர் சிரிச்சார், அவ்வளவுதான். சட்டப்படி காகிதம் இல்லாதவருக்கும் செஞ்ச வேலைக்குக் கூலி உண்டு; டெக்சாஸ்ல 180 நாளுக்குள்ள மனு குடுக்கலாம். ஆனா மனுவுல விலாசம் எழுதணுமே!

அந்தப் பையனுக்குக் கடனும் இருந்தது. மெக்சிகோக்காரர் ஒரு எல்லையைத் தாண்டினா போதும். குவாத்தமாலாக்காரர் முதல்ல மெக்சிகோவையே முழுசா கடக்கணும். வழியில போலீஸ், கொள்ளைக்காரங்க, சரக்கு ரயில் கூரை. எல்லை தாண்டிக் கூட்டிட்டு வர்ற தரகர், கொயோட்டேம்பாங்க, வாங்கறது ஆயிரக்கணக்குல டாலர், அதுக்கு ஊர்ல நிலத்தை அடகு வெச்சு வட்டிக்கு வாங்கறாங்க. நம்ம ஊர் மீட்டர் வட்டியை நினைச்சுக்குங்க. முதல் ஒண்ணு ரெண்டு வருஷ உழைப்பு அந்த வாய்க்குள்ளயே போயிடும். அதுக்கு அப்புறம் வீட்டுக்கு அனுப்பற பணம். 2023-ல மெக்சிகோவுக்குப் போனது 6,300 கோடி டாலர், ஆனா அந்த நாட்டுப் பொருளாதாரத்துல அது நாலு சதவீதம் கூட இல்ல. எல் சல்வடோர், ஹோண்டுராஸுக்கு ஏறக்குறைய கால்வாசி. நாட்டையே இங்க கூரை மேல நிக்கறவங்கதான் தாங்கறாங்கன்னு வெச்சுக்குங்க. அவங்க கையில சேமிப்பு எங்கேருந்து தங்கும்?

சொந்தக்காரங்க வலையும் ஒரு சொத்துதான். நீங்க இருக்கற கல்ஃப்டன் 70-கள்ல எண்ணெய்க் கம்பெனிக் காசு கொழிச்சப்ப, கல்யாணமாகாத இளவட்டங்களுக்காக நீச்சல் குளத்தோட கட்டின அபார்ட்மெண்ட் காடு. 80-கள்ல எண்ணெய் விலை விழுந்து வீடெல்லாம் காலியானதும் வாடகையைக் குறைச்சுப் போரிலிருந்து வந்தவங்களுக்கு விட்டாங்க. அப்ப குவாத்தமாலாவுல தொத்தோனிகபான் பக்கத்திலிருந்து வந்த மாயா ஆள் ஒருத்தர் ஒரு சூப்பர் மார்க்கெட்ல துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார். அவர் சொல்லி மச்சான், அண்ணன் மகன்னு ஊரே வரிசையா அதே கம்பெனியில சேர்ந்துடுச்சு. ஆம்பளைங்க காலூணிட்டாங்க. பெண்கள் முதலாளி வீட்டுலயே தங்கி வீட்டு வேலை பார்த்ததால ஆளுக்கொரு வீட்டுல தனியா அடைஞ்சு, தகவலும் சிபாரிசும் எட்டாம நின்னாங்க. ஒரே கிராமம், ஒரே குடும்பம், அதுக்குள்ளயே இந்த வித்தியாசம். நம்ம ஆளுங்க ஒரே ஐ.டி. கம்பெனிக்கு ஊரோட வந்த கதை உங்களுக்குத் தெரியும்.

மெக்சிகோக்காரங்களுக்கு இன்னொரு அனுகூலம், அமெரிக்கா முழுக்க சுமார் ஐம்பது மெக்சிகோ தூதரக அலுவலகம் இருக்கு. அவங்க குடுக்கற மத்ரிகுலாங்கற அடையாள அட்டையைக் காட்டி 2001 வாக்கிலேருந்தே பல பேங்க்ல கணக்குத் தொடங்க முடிஞ்சது. காசைத் தலையணைக்கு அடியில வெக்கறதுக்கும் பேங்க்ல போடறதுக்கும் பத்து வருஷத்துல எவ்வளவு வித்தியாசம் வரும்னு நான் சொல்லணுமா?

பிள்ளைங்க பத்திக் கேட்டிருந்தீங்க. இங்க பிறந்ததுங்க எல்லாம் குடிமக்கள், சீக்கிரம் மேல வந்துடறாங்க. சின்ன வயசுல தூக்கிட்டு வந்த பிள்ளைங்கதான் மாட்டிக்கிட்டாங்க. 2001-லேருந்து டெக்சாஸ்ல அவங்களும் உள்ளூர் ஃபீஸ்ல காலேஜ் படிக்க முடிஞ்சது, அதை 2025 ஜூன்ல நிறுத்திட்டாங்க.

நடைமுறைக்கு நாலு வார்த்தை. யாரையும் "பேப்பர் இருக்கா?"ன்னு கேட்காதீங்க, சம்பளம் எவ்வளவுன்னு நம்ம ஊர்ல கேக்கற மாதிரி இயல்பா வாயில வந்துடும், அடக்கிக்குங்க. "எந்த ஊரு?"ன்னு கேளுங்க, பெரியவங்களா இருந்தா நம்ம "நீங்க" மாதிரி "உஸ்தேத்" போட்டுக் கேளுங்க. "நீ"ங்கறதுக்கு "வோஸ்"னு அவங்க பேசிக்கறது காதுல விழுந்தா பெரும்பாலும் மத்திய அமெரிக்காதான். வீடு மாத்தறப்ப பெட்ரோல் பங்க்ல நிக்கறவங்களைக் கூப்பிட்டா கூலியை முன்னாடியே பேசி, அன்னிக்கே கையில குடுங்க, மதியச் சாப்பாடும் தண்ணியும் உங்க பொறுப்பு.

எதிர்வீட்டு அம்மா அதே கட்டடத்துலதான் இன்னும் இருக்காங்க. டிசம்பர்ல தமால் போடுவாங்க, டஜன் கணக்குல விக்கறாங்க. வேணும்னா சொல்லுங்க, என்னோடதோட சேர்த்து உங்களுக்கும் ஆர்டர் குடுத்துடறேன்.