சர்ச் ஹாலில் கூட்டம் என்றால் மதம் மாறணுமா?

சகோதரி, காசிமேட்டில் வலை வேலை பார்க்கும் உங்கள் வீட்டுக்காரர் ஐயப்பனுக்கு மாலை போட்டால் குடியைத் தொடுவதில்லை, கழற்றிய அன்றே டாஸ்மாக் போய்விடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். குடியை நிறுத்த விரும்புபவர்கள் ஒன்றுகூடும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் சர்ச் வளாகத்தில் நடப்பதால் மதம் மாற்றிவிடுவார்களோ என்று உங்கள் மாமியாருக்குப் பயம்.

அந்தப் பயம் வேண்டாம். இடம் கொடுப்பது சர்ச், அவ்வளவுதான். 1935இல் அமெரிக்காவில் ஏஏ தொடங்கியபோது கிறிஸ்தவ வாசனை இருந்தது உண்மை. ஆனால் குடியிலிருந்து மீள ஏஏ சொல்லும் பன்னிரண்டு படிகளில் மூன்றாம் படியே 'நாம் புரிந்துகொண்ட கடவுள்' என்றுதான் சொல்கிறது. அவருக்கு ஐயப்பன் என்றால் ஐயப்பனே.

மாலைக்குக் கெடு உண்டு, மண்டலம் முடிந்தால் விரதமும் முடிந்தது. இங்கே 'இன்று ஒரு நாள் குடிக்கமாட்டேன்' என்பதுதான் கணக்கு, நாளைக்கும் அதே. சாமி கும்பிடுவதோடும் விடமாட்டார்கள். நாலாம் படியில் தன் குறைகளை ஒளிக்காமல் பட்டியல் போடணும், ஐந்தாவதில் அதை இன்னொரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்லணும். பலர் நழுவுவது அங்கேதான். கட்டணம் கிடையாது.

ஆனால் ஒன்று. தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிருக்கே ஆபத்து. மாலை போட்டபோது ஒன்றும் ஆகவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். முதலில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டுங்கள். 14446 இலவச எண்ணிலும் கேட்கலாம்.

அவர் வர மறுத்தால், குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டத்துக்கு நீங்கள் மட்டும் போகலாம். மாமியாரையும் கூட்டிப் போங்கள்.